ஜெசிந்தாவின் குளிர்

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் குளிராது. ஒரு பிள்ளைக்குப் பட வேண்டிய குளிர், அந்தப் பிள்ளையிடம் "ஸ்வெட்டர் போடு" என்று சொல்லி, "வேண்டாம்" என்ற பதிலை வாங்கியவரிடம் போய்ச் சேரும். தாழக்கொம்பையில் இது வெகுகாலமாக இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இங்கே யாரும் அந்த வார்த்தையைப் பொழுதுபோகாமல் சொல்வதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது, அடுத்த வீட்டு அடுப்பில் கை வைப்பதைவிட மோசமான காரியம்.

பிள்ளைக்கு மூன்று வயது நிறைகிற அன்று அதைச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அம்மாதான் சொல்வாள். என் மகள் ஜெசிந்தாவின் மூன்றாவது பிறந்த நாளன்று கேக் வாங்கி வைத்திருந்தோம். என் கணவர் சவரிமுத்து காரட் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கென்று இரண்டு நாள் லோடு ஏற்றாமல் வீட்டில் இருந்தார். தானே சொல்லிவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமுகிறவர்கள் பேச எப்போதும் தாமதமாகும். நான் முந்திக்கொண்டேன்.

"ஜெசி, ஸ்வெட்டர் போடு" என்றேன்.

அவள் கேக்கின் மேலிருந்த செர்ரிப் பழத்தைப் பிடுங்கியபடி "வேண்டாம்" என்றாள். அந்த நொடியே என் முழங்கால் இரண்டும் விறைத்தன. அவள் போட்டிருந்தது கையில்லாத குட்டைக் கவுன். அவளுடைய முழங்கால் வாங்க வேண்டிய குளிரை என் முழங்காலில் வாங்கியபடி நான் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன். சவரிமுத்து மட்டும் சாப்பிடவில்லை. ஐந்து வருடமாகியும் அந்தக் கேக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் கடைத்தெருவைப் பார்த்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கும் காலையில், பிள்ளைகள் பனியனிலும் அரைக்கால் சட்டையிலும் ஷிம்மீஸிலும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பெண்கள் தலையணை உறைக்குள் திணித்த பஞ்சு மாதிரி நடந்து போவார்கள். ஒரு பெண் எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள் என்பதை வைத்து அவளுடைய பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு வசந்தா அக்காவுக்கு மூன்று பையன்கள், ஒன்பது ஸ்வெட்டர்கள். கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார். எனக்கு ஐந்து ஸ்வெட்டர், இரண்டு சால்வை, ஒரு மங்கி குல்லா. ஒரே ஒரு பிள்ளைக்கு ஐந்து ஸ்வெட்டர் என்பது எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. வசந்தா அக்காவுக்கு ஒரு பையனுக்கு மூன்றுதான் வருகிறது. இதை நான் அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவருக்கே வகுக்கத் தெரியும்.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. இயந்திரத்திலிருந்து வரும் தாள் வெதுவெதுப்பாக இருக்கும். வீணாய்ப் போன நகல்களை ஸ்வெட்டருக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகிக்கொள்வேன். யாருடைய சாதிச் சான்றிதழோ, யாருடைய சிட்டா அடங்கலோ என் முதுகைக் காத்துக்கொண்டிருக்கும்.

குளிரைச் சும்மா சுமக்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குளிர் வரும்போது சேதியோடுதான் வரும். ஆதார் அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கணுக்கால் இரண்டும் சட்டென்று விறைத்தால், ஜெசிந்தா ஓடையில் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். உள்ளங்கை சில்லிட்டால் காரட் கழுவும் தொட்டியில் கைவிட்டு ஒன்றைத் திருடுகிறாள். பிடரியில் மட்டும் அடித்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறாள். பல் கூசினால் ஆலங்கட்டியைப் பொறுக்கித் தின்கிறாள். அவள் எங்கே போகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஓடையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போய் வெந்நீர் போட்டு வைப்பேன். அவள் வரும்போது வாசலில் பாத்திரம் தயாராக இருக்கும். ஊரிலேயே அதிக தூரம் போகிற பிள்ளை அவள்தான். அவ்வளவு தூரமும் நான் உட்கார்ந்த இடத்திலேயே அவளோடு போய் வந்தேன். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொன்னால் அடக்கமில்லாதவள் என்பார்கள். அடக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் போன மார்கழியில் பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியர் மாற்றலாகி வந்தார். பெயர் முத்திருளாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கம். ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கைவிசிறியும் கொண்டுவந்திருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கத்தில் மேடையேறி நின்று பார்த்திருக்கிறார். உறைபனி விழுந்த மைதானத்தில் இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் பனியனும் பாவாடையுமாக வரிசையில் நிற்கிறார்கள். மனுஷருக்கு மனசு தாங்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, என்னப்பா இது! எல்லாரும் ஸ்வெட்டர் போடுங்கப்பா!" என்று சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியர் ஏதாவது சொன்னால் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே குரலில், "வேண்டாம் சார்" என்றார்கள்.

அதற்குப் பிறகு உறுதிமொழி இருந்தது, செய்தி வாசிப்பு இருந்தது, தேசிய கீதம் இருந்தது. அத்தனைக்கும் அவர் ஆடாமல் அசையாமல் விறைப்பாக நின்றார். ஊர் அதை இன்றும் பாராட்டுகிறது. தேசிய கீதம் முடிந்ததும் இரண்டு ஆசிரியர்கள் அவரை நின்ற நிலையிலேயே தூக்கிக்கொண்டு போய்க் குடியிருப்பில் படுக்க வைத்தார்கள்.

அந்த நேரத்தில் நான் கடையில் ஒருவருடைய வீட்டு வரி ரசீதை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெற்றியில் வியர்த்தது. குல்லாவைக் கழற்றினேன். பிறகு சால்வைகளை. பிறகு ஒவ்வொரு ஸ்வெட்டராக. நகல் தாள்கள் தரையெல்லாம் விழுந்தன. தெருவைப் பார்த்தால் காய்கறிக் கடை வாசலில், மருந்துக் கடை வாசலில், பேருந்துப் படியில் எல்லாம் பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வசந்தா அக்கா ஒன்பதையும் கழற்றிய பிறகு யாரென்றே தெரியவில்லை. அவ்வளவு ஒல்லியான பெண் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எனக்குக் கணுக்கால் இருந்தது, பிடரி இருந்தது, உள்ளங்கை இருந்தது. அவற்றில் எதிலும் ஜெசிந்தா இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுமையாக நான் உணர்ந்ததே கிடையாது. அன்று சாயங்காலம் அவள் கால் நனைந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பாத்திரம் இல்லை. அவள் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

மறுநாள் கடைக்கு வந்த ஒருத்தி, நான் வெறும் சேலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பாப்பா ஸ்வெட்டர் போட ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு நான் அவளுடைய குடும்ப அட்டையை மங்கலாக நகலெடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து தலைமையாசிரியர் குடியிருப்புக்குப் போனோம். மரியாதையை விடக் கூடாது என்று, சும்மா கிடந்த ஸ்வெட்டர்களை எல்லாம் அவருக்கே கொண்டுபோனோம். அவர் இருபத்திரண்டு கம்பளிகளுக்கு அடியில் படுத்திருந்தார். மீசையில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கையில் கொடுத்த தேநீர் வாய்க்குப் போவதற்குள் உறைந்துவிட்டதால், அதைக் கரண்டியால் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் வருகைப் பதிவேடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஓர் ஆசிரியர் குறித்துக்கொண்டார். "எட்டாம் வகுப்பு, டேவிட். ரெண்டு காதும். சைக்கிள்ல வாரான். வந்திருவான், ஆஜர் போடுங்க. அஞ்சாம் வகுப்பு, மல்லிகா. முதுகு மட்டும். கிணத்தடியில குளிக்கிறா. அவளுக்குக் காய்ச்சல்னு லீவு லெட்டர் வந்துச்சே, அது பொய்யி."

பிள்ளைகளின் குளிரைத் திருப்பித் தரும்படி வசந்தா அக்கா கேட்டார்.

"எப்படித் தாயி தாரது?" என்றார் அவர்.

அதில்தான் சிக்கல் இருந்தது. கடைசியாக மறுப்பை வாங்கியவரிடமே குளிர் நிற்கும். ஒரு பிள்ளை ஒருவரிடம் ஒருமுறைதான் மறுக்க முடியும். இரண்டாம் முறை சொன்னால் அது வெறும் பேச்சு. நாங்கள் எல்லாரும் எங்கள் முறையைப் பிள்ளையின் மூன்றாவது வயதிலேயே செலவழித்துவிட்டோம். பிள்ளை ஒரே ஒரு தடவை ஸ்வெட்டரை உண்மையிலேயே போட்டுக்கொண்டால் மட்டும் அதுவரை மறுத்ததெல்லாம் அழிந்துபோகும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் தாழக்கொம்பையில் எந்தப் பிள்ளையும் இதுவரை ஸ்வெட்டர் போட்டதில்லை.

"போடச் சொல்லுங்க தாயி, நான் தடுக்க மாட்டேன்" என்றார் முத்திருளாண்டி சார். தேநீரை இன்னொரு கரண்டி பெயர்த்துக்கொண்டே, "போடாட்டியும் சந்தோசந்தான்" என்றார். "இத்தனை வருசமா எனக்கு ஒருத்தர் எங்க இருக்காகன்னு தெரியாது. இப்ப இருநூத்திப் பதினாலு பேர் எங்க இருக்காகன்னு தெரியுது. என்னயப் போல எந்த ஊர்லயாச்சும் ஒரு ஹெட்மாஸ்டர் உண்டா, சொல்லுங்க?"

அவருடைய பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் முகம் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. கடைசியில் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், என் பொண்ணு எங்கே?"

அவர் கண்ணை மூடினார். "ஜெசிந்தா, மூணாம் வகுப்பு. ரெண்டு முட்டியும், வலது உள்ளங்கையும். பாறை மேல ஏறுறா. இடது கையில என்னமோ சூடா வச்சிருக்கா. வேர்க்கடலையா இருக்கும்."

நான் என் மகளைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். வியர்வை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

சவரிமுத்துவுக்குப் போன் செய்து, குழந்தை அளவில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிவரச் சொன்னேன். எங்கள் ஊரில் குழந்தை அளவில் ஸ்வெட்டர் விற்பதில்லை. அவர் சந்தைக்குப் போன இடத்தில் சிவப்பு நிறத்தில், நெஞ்சில் வாத்துப் போட்ட ஒன்றை வாங்கினார். வாங்கிவிட்டுப் போனில், "இங்க பாரு, ஜெசி என்கிட்ட இதுவரைக்கும் மறுத்ததே இல்ல. போனை அவகிட்ட குடு, நான் ஒரே ஒரு தடவை சொல்லிர்றேன். நம்ம வீட்டுக் குளிர் நம்ம வீட்டுக்கே வந்துரும்" என்றார்.

"வாயைத் திறந்தீங்கன்னா அவ்வளவுதான்" என்றேன்.

மூன்று தெருவில் மூன்று அப்பாக்கள் அப்படிச் செய்துவிட்டிருந்தார்கள். அவர்கள் புது ஸ்வெட்டரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதை நான் பார்த்திருந்தேன். அந்த வீட்டு அம்மாக்களையும் பார்த்திருந்தேன்.

ஸ்வெட்டர் ஊருக்குத் திரும்பிய வேறொரு லாரியில் வந்தது. ஜெசிந்தா அதைத் தொடக்கூட இல்லை. கட்டிலில் கிடந்த வாத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அஞ்சே நிமிஷம்டி" என்றேன்.

"மாட்டேன்."

"ஒரு நிமிஷம். கதவைச் சாத்திக்கலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள். "நான் ஓடையிலயே போட்டதில்லம்மா. வீட்டுக்குள்ள போடுவேனா?"

நான் கோபப்பட்டேன், திட்டினேன், கெஞ்சினேன். அவள் ஷிம்மீஸின் தோள்பட்டியைச் சரிசெய்துகொண்டு கையைக் கட்டி நின்றாள். அந்தக் கோபத்துக்கு நடுவிலும், இது என் பிள்ளை, இது பேச்சில் வளையாது என்று உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. அந்தப் பூரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு அறை கொடுத்துப் போட வைத்திருப்பேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் மேகம் இறங்கியது. எங்கள் ஊரில் மேகம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. நான்கு மணியாகியும் ஜெசிந்தா வரவில்லை. முன்பென்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். என் கணுக்காலையோ கன்னத்தையோ கேட்டுக்கொண்டு நேராகப் போய்க் கூட்டி வந்திருப்பேன். இப்போது என் உடம்பில் ஒரு சேதியும் இல்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடைப் பாலத்துக்குப் போனேன், காரட் தொட்டிக்குப் போனேன், கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே முழுதும் நடந்தேன். "ஜெசி, ஜெசி" என்று கத்தினேன். மேகத்துக்குள்ளிருந்து என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

அவளைக் கண்டுபிடித்தது நான் இல்லை. முத்திருளாண்டி சார் கம்பளிக்குள் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "மூணாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு ஒரே இடத்தில முக்கால் மணி நேரமா அசையாம உக்காந்திருக்கு" என்றாராம். நான்கு ஆசிரியர்கள் அவரைப் பெஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் நடந்தார்கள். "இன்னும் இடது பக்கம் போங்க. அவளுக்கு வலது கன்னத்துலதான் காத்து அடிக்குது. ம், இப்ப நேரா" என்று அவர் வழி சொன்னார். மைல்கல்லுக்கு மேலே இருந்த பாறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பளி மூட்டையாக இருந்த தலைமையாசிரியரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்று, "குட் ஈவ்னிங் சார்" என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாளாம்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் கட்டிக்கொள்ளவில்லை.

"நீ வருவேன்னு உக்காந்திருந்தேன்" என்றாள்.

"நானும் உன்னைத் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன் கண்ணு."

"எங்கே இருந்தே?"

"பாலத்துல, தொட்டிகிட்ட, கல்லறைத் தோட்டத்துல."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "உனக்கு நான் எங்கே இருக்கேன்னு தெரியும். நீ எங்கே இருக்கேன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதே இல்ல."

அவளுக்குப் பால் சுட வைத்துக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, "எங்கே அது?" என்று கேட்டாள். நான் வாத்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்தப் போனேன். அவள் தடுத்தாள். "ஒளிஞ்சு போட மாட்டேன். அப்புறம் யாராச்சும் பாத்தா ஒளிஞ்சு போட்டேன்னு சொல்லுவாங்க" என்றாள். ஸ்வெட்டரைக் கொடிபோல் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

இறைவணக்கத்துக்கு மணி அடித்தது. முத்திருளாண்டி சாரைப் பெஞ்சோடு மேடையில் வைத்திருந்தார்கள். ஜெசிந்தா வரிசையிலிருந்து விலகி மேடையேறினாள். எல்லாரும் பார்க்கும்படி நின்று ஸ்வெட்டரைப் போட்டாள். நான்கு பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினாள். பழக்கமில்லாததால் மூன்றாவதைத் தப்பான துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். இருநூற்றுப் பதின்மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா அக்காவின் மூன்று பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குளிரில், அந்த மைதானத்தில், ஸ்வெட்டர் போட்ட ஒரே பிள்ளையாக நிமிர்ந்து நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அங்கிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பள்ளி வாசலில் நின்ற நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் ஓடையில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

"ஒண்ணு போயிருச்சு" என்று முத்திருளாண்டி சார் மெதுவாகச் சொன்னார். அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பனி உருகிச் சொட்டியது. கண்ணிலும் சொட்டியது.

உறுதிமொழி முடியும்வரை ஜெசிந்தா ஸ்வெட்டரோடு நின்றாள். பிறகு கழற்றி, மடித்து, முன்வரிசையில் இருந்த வசந்தா அக்காவின் பெரிய பையனிடம் நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் வாத்தையே பார்த்தான். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டான். அவனிடமிருந்து அடுத்தவன், அடுத்தவனிடமிருந்து அடுத்தவள் என்று ஸ்வெட்டர் வரிசையில் போயிற்று. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தோளைத் தாண்டவில்லை. "ஒரு கை நுழைஞ்சாப் போதும், போட்ட மாதிரிதான்" என்று தலைமையாசிரியரே தீர்ப்புச் சொன்னார். பத்துப் பத்துக் கை நுழைந்து முடியும்போதெல்லாம் அவருடைய ஒரு கம்பளியைப் பக்கத்தில் நின்ற ஆசிரியர் எடுத்து மடித்து வைத்தார். அப்பாக்கள் தட்டிக்கொண்டு போன வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பதினொரு பிள்ளைகள் மட்டும் ஸ்வெட்டரைப் போடாமல் தங்களுக்குள் கைமாற்றிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு வர ஊரில் யாரும் இல்லை. முத்திருளாண்டி சார் எண்ணிப் பார்த்துவிட்டு, கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து தன் காலில் நின்றார். பதினொரு பேரின் குளிர் ஒரு மனுஷர் நடமாடக்கூடிய குளிர்தான். இப்போது பன்னிரண்டு ஸ்வெட்டரில் பள்ளிக்கு வருகிறார். பதினொன்றுக்கு மேல் ஒன்று எதற்கு என்று கேட்டால், அது தனக்கு என்கிறார்.

இறைவணக்கம் முடிந்து ஜெசிந்தா வாசலுக்கு வந்தாள். இனி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் வாயைத் திறந்தேன். இந்த முறை தொண்டையைச் செருமியது நான்தான்.

"அம்மா, ஸ்வெட்டர் போடு" என்றாள் ஜெசிந்தா.

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் இதை அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மாக்கள் எல்லாரும் ஏற்கெனவே போட்டிருப்பார்கள் என்பதால் அதற்கு அவசியம் வந்ததில்லை. அன்று நான் வெறும் சேலையில் நின்றேன். உறைந்த புல் என் செருப்புக்குக் கீழே நொறுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யாருடைய அம்மா என்று அவர்களுக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றேன்.

என் கால்களில் இருந்த என் சொந்தக் குளிர் போய்விட்டது. ஜெசிந்தா தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் பாதங்களைப் பார்த்தாள். "நீ புல்லு மேல நிக்கிற" என்றாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"ஜெசி, ஸ்வெட்டர் போடு" என்றேன்.

"வேண்டாம்" என்றாள்.

அவளிடம் போன என் குளிர், அவள் வேண்டாமென்றதால் அவளுடையதையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. நான் வேண்டாமென்றிருந்ததால் அவளிடமே திரும்பிப் போனது. அங்கும் நிற்க முடியாமல் மறுபடி கிளம்பியது. அப்படியே போய் வந்துகொண்டிருக்கிறது. எங்கும் தங்காததால் எங்களில் யாருக்கும் குளிரவில்லை. கடந்து போகும்போது மட்டும் காதுக்குப் பின்னால் யாரோ ஊதுவது போல இருக்கும். அந்த ஊதலில் சேதி இருக்கும். அவள் ஓடைக்குப் போனால் எனக்குத் தெரிகிறது. நான் காகிதக்கட்டு எடுக்கக் கடையின் பின்பக்கம் போனால் அவளுக்குத் தெரிகிறது. கணக்கு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, "எங்கம்மா ஜன்னலைத் திறந்துட்டாங்க" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்கிறாளாம். நான் இப்போது குட்டைக் கை ரவிக்கையில் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சார் திருப்பித் தந்த என்னுடைய ஐந்து ஸ்வெட்டர்களையும், பையன்களின் குளிரை மறுபடி வாங்கிக்கொண்ட வசந்தா அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். பாப்பா ஸ்வெட்டர் போட ஆரம்பித்துவிட்டாளா என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கும் கடைக்கும் நடுவே குளிர் போய் வரும் வழி, பேருந்து நிலையத்துச் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. நேற்றுப் பதினொன்றே கால் பேருந்து திரும்பும் நேரத்தில் அது சாலையைக் கடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, மேகத்துக்காகப் போட்டிருந்த விளக்கை அணைத்து, அது கடந்து முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் வந்த ஜீப்பும் இரண்டு பைக்குகளும் நின்றன. பயணிகளில் ஒரு பெரியவர் தலைத் துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சாலை காலியானதும் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யக்கா, இது உங்களோடதா?"

"எங்களோடதுதான்" என்றேன்.